பதினாறு மடங்கு

பாலையூற்றில் இமெல்டாவின் தையலகம்.
மேல்தட்டுக்கு எட்டு மெஷின் ஏறப்போகிறது.
கீழே, வெட்டுமேசைக்குப் போகிற வழியில்
ஒரு தூண்.
"இதைக் கழட்டினா என்ன, மிஸ்?
ஒவ்வொரு நாளும் இடுப்பில இடிக்குது."

நான் படம் கீறுகிறவள்.
கேள்விக்கும் முதலில் டேப் பிடிப்பேன்.
சுவருக்குச் சுவர் பதினெட்டு அடி.
குறுக்கே ஒரே விட்டம், நாலுக்கு ஒன்பது அங்குலம்.
நல்லவேளை, நிறுத்தி வைத்திருக்கிறார்கள்;
படுக்கப் போட்டிருந்தால்
தூண் இருந்தும் நான் ஏணியில் ஏறியிருக்கமாட்டேன்.

இந்த ஊரின் பெயரையே சூட்டி
வெள்ளைக்காரன் கப்பலேற்றிய சவண்டலை
வளைந்து கொடுக்கும்.
இது பாலை. பிடிவாதம்.
பிறர் பாரத்துக்கு முன்
தன் பாரத்தையே நிறையச் சுமக்கிற மரம்.

ஏறினேன். நூல் இழுத்துக் கட்டினேன்.
தூணுக்கு அப்பால், ஒன்பது அடிக்குள்
மரம் நூலைவிட்டு
ஒரு சோற்றுப் பருக்கை இறங்கியிருந்தது.
மன்னிக்கலாம்.
அடிப்பக்கம் ஒரு கணு, சுண்டுவிரல் நகமளவு,
சுவருக்குக் கிட்ட.
அதையும் மன்னித்து எழுதிக்கொண்டேன்.

"தூணை எடுத்தால் தூரம் இரண்டு மடங்கு."
"அப்ப தொய்வும் இரண்டு மடங்கோ?"
"பதினாறு."

ஊசி ஏறின விரல்போலக் கையை உதறினாள்.
"டோஹாவுக்குப் போகேக்க இவர்
இரண்டு வருஷம் எண்டவர்.
இப்ப நாலாப் போச்சு.
அதுக்கும் இந்தக் கணக்குத்தானோ?"

அந்தச் சூத்திரம் என்னிடம் இல்லை.
கால்குலேட்டரைப் பையில் போட்டேன்,
பிறகு வெளியே எடுத்தேன்,
இரும்பு விட்டத்தின் விலையைத் தட்டிக் காட்டினேன்.
மூன்று மெஷின் விலை.
திரையை என் பக்கமே திருப்பி வைத்தாள்.

மரத்துக்கு ஒரு குணம், சொல்லவேண்டியிருந்தது.
இன்று ஏற்றிய பாரத்துக்கு
இன்றே முழுவதும் இறங்காது.
ஒரே பாரம், ஒரே இடம், வருஷக்கணக்கு என்றால்
ஏற்றியவர் மறந்த பிறகும்
இறங்கிக்கொண்டே இருக்கும்.
மாரியில் ஈரம் குடித்து, கச்சானில் காய்ந்து,
ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம்.
உடைவதல்ல அது.
கதவு இறுகும், பலகைக்கிடையில் நூல்கண்டு உருளும்,
ஒருநாள் எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள்.

அவள் எதையும் அண்ணாந்து பார்க்கவில்லை.
தரையில் சோக்கால் மேல்தட்டைக் கீறினாள்,
எட்டுப் பெட்டி, வரிசையாக நடுவில்.
நான் குனிந்து காலால் அழித்தேன்.
சுவரோரம் நாலு, எதிர்ச்சுவரோரம் நாலு.
சுவருக்குக் கிட்ட நிற்கிற பாரத்தை
விட்டம் பெரிதாய்க் கண்டுகொள்ளாது.
நடுவில் பொத்தான் டப்பா, நூல், வெறும் இடம்.
"தூண்?"
"தூண் நிற்கும்."
"நிண்டு தொலையட்டும்."

மெஷின்கள் ஏறிய கிழமையே
பஸ்மிளாவுக்குப் பிறந்தநாள்.
கேக்கை வைக்க வேறு இடமா இல்லை,
பதினொரு பிள்ளைகள் நட்டநடுவில் கூடி
ஒருத்தியை ஒருத்தி தள்ளினார்கள்.
கீழே நின்றவள் நான் மட்டும்.
மரம் ஒரு சொல் சொன்னது.
முறிவதற்கு முன் சொல்கிற சொல் வேறு,
அது ஈரமில்லாமல் வெடுக்கென்று வரும்.
இது, நெரிசலான பஸ்ஸில்
இன்னொருவருக்கு இடம் விட்டு
நகர்ந்து உட்காருகிற சத்தம்.
ஆனாலும் கேக் முடியும்வரை
தூணில் கை வைத்தபடியே நின்றேன்.
என் கை தாங்குமென்றல்ல.

அப்போதுதான் பார்த்தேன்.
இடுப்பு உயரத்தில் தூணுக்கு
மீதிச் சீத்தைத் துணியில், பஞ்சு வைத்து,
ஒரு சட்டை தைத்துப் போட்டிருந்தாள்.
சட்டைக்கு ஒரு பொக்கெட்.
பொக்கெட்டுக்குள் ஒரு சோக்குத் துண்டு,
நாலாய் மடித்த என் பில்,
பாதிக் காசு இன்னும் பாக்கி.